‘ஏன் உங்களை விட்டார்கள்?’: அகதி மனுவைத் தீர்மானிக்கும் அதிகாரியின் மேசை

முதுகில் ஐந்து நீண்ட தழும்புகள். வலது கையில் சற்றுச் சிறியதாக இரண்டு. எல்லாமே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வைத்த சூடு. 2011ல் பிரிட்டன் வந்து தஞ்சம் கேட்ட அந்த ஈழத் தமிழரை நீதிமன்ற ஆவணங்கள் கே.வி. என்ற இரண்டு எழுத்துகளாலேயே குறிக்கின்றன. குடும்பத்துக்கு நகைக்கடைகள் இருந்தன என்றும், புலிகள் கேட்டதால் அவர்களுக்காக நகைகளை உருக்கிக் கொடுத்தேன் என்றும் அவர் சொன்னார். பிறகு அரசுத் தரப்பினர் பிடித்துப் போய், தங்கத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சூடு வைத்தார்கள். கையில் வைத்தபோது நினைவு இருந்ததால் கையை இழுத்தேன்; வலி தாங்காமல் மயங்கிய பிறகு முதுகில் வைத்தார்கள் என்பது அவருடைய வாக்குமூலம். தழும்புகளும் அதற்கு ஒத்திருந்தன. கையில் இருந்தவற்றின் ஓரம் கலைந்திருந்தது. முதுகில் இருந்தவை துல்லியமான விளிம்போடு இருந்தன.

பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம் அவருடைய மனுவை நிராகரித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014ல் ஒரு படி மேலே போனது. மயக்க மருந்து எடுத்துக்கொண்டு, இன்னொருவரைக் கொண்டு தனக்குத் தானே சூடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. 2017ல் அப்பீல் நீதிமன்றத்திலும் மூன்று நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். 2019 மார்ச் 6 அன்றுதான் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. புகலிடம் பெறுவதற்காக ஒருவர் தன் உடலில் இப்படிச் சூடு வைத்துக்கொள்வது மிக மிக அரிது என்பதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று லார்ட் வில்சன் எழுதினார். அப்போதும் கே.வி.க்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிடவில்லை. வழக்கு மறு விசாரணைக்காகத் தீர்ப்பாயத்துக்கே திரும்பிப் போனது. அவர் வந்து இறங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது நீதிபதிகளின் பெயர்களே முன்னால் வருகின்றன. ஆனால் எல்லா அகதி வழக்குகளையும் போல இதுவும் தொடங்கியது ஓர் அரசு அலுவலக மேசையில். அங்கே ஓர் அதிகாரி இருந்தார், கேள்வி கேட்டார், பதில்களைத் தட்டச்சு செய்தார், நம்பலாமா கூடாதா என்று முடிவெடுத்தார். அந்த மேசையைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

லண்டன் தமிழர்களில் ‘கேஸ்’ போட்ட யாரைக் கேட்டாலும் குரோய்டனைத் தெரியும். அங்கே லூனார் ஹவுஸ் என்ற 20 மாடிக் கட்டடம் இருக்கிறது. மனிதன் நிலவில் கால் வைத்த காலத்தில் கட்டியதால் அந்தப் பெயர். அதன் வாசலில் வரிசையில் நின்ற நினைவு ஒரு தலைமுறைக்கே உண்டு. முதலில் சுருக்கமான விசாரணை: பெயர், ஊர், வந்த வழி, கைரேகை, எதற்காகப் பயம் என்று இரண்டு வரி. பிறகு பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள், காத்திருப்பு. அதற்குப் பிறகுதான் பெரிய நேர்காணல். ஓர் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், மனுதாரர் என்று மூன்று பேர். இப்போது பல நேர்காணல்கள் காணொளியிலேயே நடக்கின்றன. கேள்விகளுக்கு வரிசை எண் போட்டுப் பதிவாகும். சில மணி நேரம் நீளும்.

இந்த அதிகாரிக்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. பிரிட்டிஷ் அரசுப் பணியில் ‘எக்ஸிகியூட்டிவ் ஆபீசர்’ என்பது மேல்நிலைப் பதவியும் இல்லை. பெரும்பாலான முடிவுகளை எடுத்து வந்தவர்கள் அந்த நிலை ஊழியர்கள்தான். சில வாரங்கள் பயிற்சி, கொஞ்ச காலம் மூத்தவர்களின் மேற்பார்வை, அதன் பிறகு தனியாக. கையில் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இருக்கும். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சம் இருந்தால் அவர் அகதி. அத்தோடு ஒவ்வொரு நாட்டின் நிலவரத்தையும் பற்றி அமைச்சகம் தொகுத்த குறிப்புகள். இவ்வளவுதான் கருவிகள்.

அரசு ஊழியருக்குத் தரப்படும் வேலைகளில் இதைவிடக் கடினமானது அதிகம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். குற்றவியல் நீதிபதிக்கு முன்னால் நடந்து முடிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. சாட்சிகள், தடயங்கள், இரு தரப்பு வக்கீல்கள் இருக்கிறார்கள். இங்கே சம்பவம் நடந்தது வேறு தேசத்தில். சாட்சிகள் அங்கேயே இருக்கிறார்கள், அல்லது உயிரோடு இல்லை. கேட்கப்படும் கேள்வியோ எதிர்காலத்தைப் பற்றியது: இவரைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்? தகுதியில்லாத ஒருவருக்கு அனுமதி தந்துவிட்டால் ஒருவர் கூடுதலாக அந்த நாட்டில் வாழ்வார். தகுதியுள்ள ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டால், விமான நிலையத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு என்ன ஆனது என்ற செய்தி அந்த மேசைக்கு வருவதே இல்லை. மறுத்தது தவறு என்று தெரியாமலேயே ஓர் அதிகாரி பத்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட முடியும்.

இந்த இரண்டு தவறுகளும் சமமானவை அல்ல என்பதைச் சட்டம் எப்போதோ புரிந்துகொண்டது. அந்தப் புரிதல் பிரிட்டனில் வளர்ந்த கதையில் தமிழ்ப் பெயர்கள் நிறைய.

தமிழ்ப் பெயர் தாங்கிய தீர்ப்புகள்

1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஓடுபாதை அருகே ஆடைகளைக் களைந்து போராடினார்கள். நீதிமன்றம் குறுக்கிட்டது, அனுப்புவது அப்போதைக்கு நின்றது. அரசு அதற்குச் சொன்ன பதில், ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனத்துக்கு 1,000 பவுண்டு அபராதம் விதிக்கும் சட்டம். அதே ஆண்டு டிசம்பரில், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ‘சிவகுமாரன்’ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மனுதாரர் மனதில் பயம் இருந்தால் மட்டும் போதாது, அது புறநிலையிலும் சரியாக இருக்க வேண்டும் என்றது. அந்தத் தமிழர்கள் தோற்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வாசல் திறந்தது: ஆபத்து நிச்சயம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றுகூட வேண்டாம், நியாயமான அளவு வாய்ப்பு இருந்தாலே போதும். பிரிட்டனில் அதன் பிறகு தஞ்சம் கேட்ட ஆப்கானியர், சோமாலியர், ஈரானியர் எல்லோருடைய மனுவும் இந்த அளவுகோலால்தான் அளக்கப்பட்டது.

தோற்றவர்களுக்கு என்ன ஆனது? அவர்களில் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்போதைய சட்டப்படி நாட்டை விட்டு வெளியேறிய பிறகே அவர்களால் அப்பீல் செய்ய முடியும். 1989ல் அந்த அப்பீலைக் கேட்ட நடுவர், அவர்களுடைய அச்சம் நியாயமானது, திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். அவர்கள் மீண்டும் லண்டன் வந்தார்கள். ‘வில்வராஜா’ என்ற பெயரில் அந்த விவகாரம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1991 அக்டோபரில் அங்கே பெரும்பான்மை நீதிபதிகள் பிரிட்டன் உரிமை மீறல் செய்யவில்லை என்றார்கள். ஒரே மனிதர்கள், ஒரே கதை. அலுவலகத்தில் ஒரு முடிவு, நடுவரிடம் வேறு முடிவு, ஸ்ட்ராஸ்பூர்க்கில் இன்னொன்று.

2000ல் ‘கரணாகரன்’ தீர்ப்பு வந்தது. மனுதாரர் சொல்லும் ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியாக எடுத்து, இது நிரூபணமாகவில்லை, அதுவும் ஆகவில்லை என்று கழித்துக்கொண்டே போகக் கூடாது. சந்தேகத்துக்குரியதையும் சேர்த்தே மொத்தமாக எடைபோட வேண்டும் என்றது. என் பார்வையில் இந்தத் துறையிலேயே மனிதத்தன்மை மிகுந்த வழிகாட்டல் அதுதான். அரைகுறை ஆதாரம் இருக்கிறவரைப் பொய்யராகப் பார்க்காதே என்று அது அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்தது.

2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் இதைக் கொஞ்சம் பின்னோக்கி இழுத்தது. அந்த ஆண்டு ஜூன் 28 முதல் வந்த மனுக்களில், மனுதாரருக்கு உண்மையிலேயே அந்த அச்சம் இருக்கிறதா என்பது ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவில் தீர்மானிக்கப்பட வேண்டும். வருங்கால ஆபத்துக்கு மட்டுமே பழைய அளவுகோல். அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போது சிறிய திருத்தம் போலத் தெரியும். கையில் ஒரு காகிதமும் இல்லாமல், வாய்வார்த்தையை மட்டும் நம்பி வந்தவருக்கு அது மலை.

நினைவும் பொய்யும்

நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலும் வருகிற காரணம் நம்பகத்தன்மை. முதல் விசாரணையில் மார்ச் என்றீர்கள், இரண்டாவதில் மே என்கிறீர்கள். மூன்று பேர் வந்தார்கள் என்றீர்கள், இப்போது நான்கு. அதிகாரியின் இடத்தில் நாம் இருந்தாலும் இதைத்தான் கவனிப்போம். முரண்பாடு பொய்யின் அடையாளம் என்று சிறு வயதிலிருந்தே பழகியிருக்கிறோம்.

2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜேன் ஹெர்லிஹியும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் இருந்த 27 கொசோவோ அகதிகளையும் 12 பொஸ்னிய அகதிகளையும், சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இடைவெளி விட்டு, இரண்டு முறை ஒரே சம்பவங்களைச் சொல்லச் சொன்னார்கள். இவர்களுக்குப் பொய் சொல்ல எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் இரண்டு முறை சொன்னதற்கும் இடையே முரண்பாடுகள் சாதாரணமாகவே இருந்தன. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, இடைவெளி நீள நீள முரண்பாடும் கூடியது. மையமான விஷயத்தைவிட ஓர விவரங்களிலேயே மாறுதல் அதிகம். அதாவது தேதியும் நேரமும் எண்ணிக்கையும். நிராகரிப்புக் கடிதம் எவற்றைப் பிடித்துக்கொள்கிறதோ, அவையேதான்.

பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமையும் மனிதருக்குக் குறைவு. பாண்ட், டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் இது பற்றிய இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் கண்ட சராசரி, 100க்கு 54. காசைச் சுண்டிப் போட்டுத் தீர்மானிப்பதைவிட நான்கு மதிப்பெண் மேல். தன் உள்ளுணர்வு கூர்மையானது என்று நம்புகிற அதிகாரிதான் இந்த மேசையில் ஆபத்தானவர். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, அழவில்லை, அல்லது அளவுக்கு மீறி அழுதார் என்பதெல்லாம் எதையும் நிரூபிப்பதில்லை.

இலங்கைத் தமிழர் மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: இராணுவத்துக்கு உங்கள்மேல் அவ்வளவு சந்தேகம் என்றால், ஏன் உங்களை விட்டார்கள்? அதற்குத் துணைக்கேள்வி: தேடப்படுகிறவர் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகச் சொந்தக் கடவுச்சீட்டில் எப்படி வெளியேறினார்? காகிதம் ஒழுங்காக ஓடும் நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இவை தர்க்கபூர்வமான கேள்விகள். முகாம் வாசலில் இடைத்தரகர் யார், மாமா எந்த நகையை அடகு வைத்தார், எந்த அதிகாரிக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தர்க்கம் எவ்வளவு பலவீனமானது என்று புரியும். அங்கே பணம் கொடுத்து வெளியே வந்தவர் வழக்கிலிருந்து விடுபட்டவர் அல்ல. பெயர் ஏட்டில் அப்படியே இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப நீதிமன்றங்களுக்கு நிபுணர்கள் தேவைப்பட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழக மானுடவியலாளர் ஆண்டனி குட் அவர்களில் ஒருவர். நம் கழுகுமலைக் கோயிலின் வழிபாட்டையும் அதன் பொருளாதாரத்தையும் ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். தமிழ்ச் சமூகத்தைப் படிக்க வந்தவர், பின்னாளில் இலங்கைத் தமிழர் வழக்குகளில் நிபுணர் சாட்சியம் அளித்தார்; அகதி நீதிமன்றங்களில் மானுடவியலின் பங்கு பற்றி 2007ல் தனி நூலே எழுதினார். ஒரு கிராமத்து உறவுமுறையை ஆண்டுக்கணக்கில் கேட்டு எழுதிய பொறுமை எங்கே போய்ப் பயன்பட்டது பாருங்கள். நேர்காணல் அறையில் இருக்கும் அதிகாரிக்கு அந்தப் பொறுமைக்கான நேரம் கொடுக்கப்படுவதில்லை.

வாரத்துக்கு எத்தனை?

2022 அக்டோபரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழுவிடம் அதிகாரிகளே சொன்ன விவரம்: ஓராண்டில் இந்த வேலையை விட்டுப் போனவர்கள் 46 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். ஓர் அதிகாரி வாரத்துக்குச் சராசரியாக எடுத்த முடிவுகள் 1.3. லீட்ஸ் நகரில் நடந்த ஒரு சோதனை முயற்சியில் அது 2.7 ஆனது என்பதைச் சாதனையாகச் சொன்னார்கள்.

சித்திரவதை, பாலியல் வன்முறை, கண்ணெதிரே பிள்ளையைப் பறிகொடுத்தது என்று நாள்தோறும் கேட்க வேண்டிய வேலை. கேட்டு முடித்த கையோடு அடுத்த கோப்பு. இந்த மேசையில் இருப்பவர்களை வெறும் கல்நெஞ்சர்கள் என்று எழுதிவிடுவது எளிது. லண்டன் தமிழர்கள் பலர் அப்படித்தான் சொல்லவும் செய்கிறார்கள், அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் மனம் இறுகுவது இங்கே தற்காப்பும்கூட. எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள் என்று தோன்றத் தொடங்கும் நாளில் அதிகாரி கேட்பதை நிறுத்திவிடுகிறார். எல்லோருக்கும் ஒரே கொடுமையைச் செய்யும் அரசு இருந்தால் எல்லோரும் ஒரே கதையைத்தானே சொல்வார்கள்?

2022 டிசம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், அந்த ஆண்டு ஜூன் 28க்கு முந்தைய தேங்கிய மனுக்கள் அனைத்தையும் 2023 முடிவதற்குள் தீர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். எண்ணிக்கை 92,601. அதிகாரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,500 ஆக உயர்த்தப்பட்டது. ஆப்கானிஸ்தான், சிரியா, எரித்ரியா, லிபியா, ஏமன் ஆகிய நாட்டினருக்கு நேர்காணலுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் நிரப்பும் நீண்ட வினாத்தாள் அனுப்பப்பட்டது. 2023 ஜூன் இறுதியில் முதல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் 1,75,457 பேர். 2024 பிறந்தபோது தேக்கம் தீர்ந்தது என்று அரசு அறிவித்தது. 4,500க்கு மேற்பட்ட சிக்கலான கோப்புகள் மிச்சமிருக்க அப்படிச் சொல்லலாமா என்று நாட்டின் புள்ளியியல் ஆணையம் கண்டித்தது.

அந்த வேகத்துக்குள் இன்னொரு கணக்கும் உண்டு. 2023 செப்டம்பரில் முடிந்த ஓராண்டில் 17,316 மனுக்கள் ‘திரும்பப் பெறப்பட்டவை’ என்று மூடப்பட்டன. நேர்காணலுக்கு வரவில்லை, படிவம் திரும்பவில்லை என்பவையும் இதில் அடக்கம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது, எல்லோரையும் பற்றித் தெரியாது என்பதே மூத்த அதிகாரிகளின் பதில்.

அடுத்து இயந்திரம் வந்திருக்கிறது. நேர்காணல் பதிவைச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உள்துறை அமைச்சகம் சோதித்து 2025ல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு கோப்புக்குச் சராசரியாக 23 நிமிடம் மிச்சம். சுருக்கங்களில் 9 சதவீதம் தவறாகவோ குறையாகவோ இருந்ததால் சோதனையிலிருந்தே விலக்க வேண்டி வந்தது. ஒரு மனிதர் தன் வாழ்நாளின் மோசமான இரவை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்ன பதிவு அது. அதை முழுதாகப் படிக்காமல் 23 நிமிடத்தை மிச்சப்படுத்துவது எனக்குச் சிக்கனமாகப் படவில்லை.

அவசரத்தின் விலையை அப்பீல் நீதிமன்றங்கள் காட்டுகின்றன. அண்மை ஆண்டுகளில் அங்கே தீர்ப்பான வழக்குகளில் ஏறத்தாழ பாதி மனுதாரர் பக்கம் முடிந்திருக்கிறது. மேசையில் மிச்சப்படுத்திய மணிநேரத்தை நீதிமன்றம் மாதக்கணக்கில் செலவழிக்கிறது. இது பிரிட்டனின் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராம்ஜி-நொகாலிஸ், ஷோன்ஹோல்ட்ஸ், ஷ்ராக் ஆகிய மூவர் 2007ல் வெளியிட்ட ஆய்வு, மயாமி நீதிமன்றம் ஒன்றையே எடுத்துக் காட்டியது: கொலம்பியர்களின் மனுக்களில் ஒரு நீதிபதி 88 சதவீதத்தை ஏற்றார், அதே கட்டடத்தில் இன்னொருவர் 5 சதவீதத்தை. யாருடைய மேசைக்குக் கோப்பு போகிறது என்பதில் ஓர் உயிரின் பாதி விதி அடங்கிவிடுகிறது.

இதை எழுதும்போது தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாம் நினைவுக்கு வராமல் இல்லை. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1983 முதல் கடல் கடந்து வந்தவர்களிடம் இங்கே கேட்கப்பட்டவை பெரும்பாலும் பாதுகாப்புக் கேள்விகள். உங்கள் அச்சம் என்ன, அது நியாயமானதா என்று தனித்தனியாகக் கேட்டு, அகதி என்று எழுத்தில் உறுதி செய்யும் மேசையே நம் நாட்டில் கிடையாது. அதனால் நிராகரிப்புக் கடிதமும் இல்லை; அப்பீலும் இல்லை; நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தஸ்தும் இல்லை. குறைகள் இவ்வளவு இருந்தும் குரோய்டன் மேசை எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், அங்கே ஒரு மனிதரின் அச்சத்துக்கு அரசு எழுத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பதில் தவறானால் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோக முடிகிறது.

2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் புதிய திட்டத்தை அறிவித்தார். அதுவரை ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்பட்ட அகதி அனுமதி இனி 30 மாதங்கள். அது முடியும்போது மறு ஆய்வு. நிரந்தர வதிவுரிமைக்குப் பொதுவாக 20 ஆண்டுகள் காத்திருப்பு. கணக்குப் போட்டால் ஒரே அகதியின் கோப்பு பல முறை அந்த மேசைக்குத் திரும்பி வரும். ஊழியர்கள் போகும் வேகத்தைப் பார்த்தால், முதல் முறை கேட்ட அதிகாரி அப்போது அங்கே இருக்கும் வாய்ப்புக் குறைவு. புதியவர் பழைய பதிவையோ, இயந்திரம் தந்த சுருக்கத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் நாட்டு நிலைமை இப்போது சரியாகிவிட்டதே, இன்னும் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பார். அதற்குள் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். தாயோ தந்தையோ மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் முன்பு சொன்ன தேதிகளிலிருந்து ஒரு நாள்கூடப் பிசகாமல்.